மாணவர் எழுதும் பாடம்

அயல்மொழி ஒன்றைத் தொலைவிலிருந்து கற்றல் எளிதன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோயின் பொருட்டுத் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, நம் கொங்கு நாட்டுச் சிற்றூர்களிலும் இவ்வுண்மை நன்கு விளங்கிற்று. 2019-இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி, வீட்டிலிருந்தோருக்குப் பாடங்களைக் கொண்டு சேர்த்தது. அது அரும்பணியே. எனினும், தொலைக்காட்சி பேசும். நாம் மறுமொழி கூறினால் அதற்குக் கேளாது. மறுமொழி கூறிப் பழகாதவனுக்கு ஆங்கிலம் நாவில் படிவதில்லை. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்பினர் 2021 நவம்பரில்தான் பள்ளிக்குத் திரும்பினர். அத்துணைக் காலமும் கேட்பவராகவே இருந்த பிள்ளைகள் பலர்.

இக்குறையைத் தீர்க்கும் வழி ஒன்றுண்டு. மாணவரே பாடப்பொருளை எழுதி, தொலைவிலுள்ள மாணவருக்கு அனுப்புவதே அது. பிரான்சு நாட்டு ஆசிரியர் செலஸ்தேன் ஃபிரெனே, 1920-களிலேயே தம் சிற்றூர்ப் பள்ளியில் சிறு அச்சுக்கருவியை வைத்து, மாணவர் எழுதியவற்றை அவர்களைக் கொண்டே அச்சிடுவித்தார். அத்தாள்களை அஞ்சல் வழியே வேறு பள்ளிகளுக்கு அனுப்பினார். அது அயல்மொழிப் பயிற்சியன்று. ஆயினும் அம்முறை நமக்கும் பொருந்தும்.

ஈரோட்டுப் பக்கத்து மாணவி ஒருத்தி, மஞ்சளை வேகவைத்துக் களத்தில் உலர்த்தி மெருகேற்றும் முறையைப் பத்து ஆங்கில வாக்கியங்களில் எழுதுகின்றாள் எனக் கொள்வோம். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் வளர்ந்த மாணவன் அதனைப் படிக்கின்றான். "எத்தனை நாள் உலர்த்துவீர்கள்?" என்று ஆங்கிலத்தில் வினவுகின்றான், தன் வீட்டில் கொப்பரை உலர்த்தும் முறையையும் உடன் எழுதுகின்றான். இருவருக்கும் சொல்ல ஒரு செய்தி உண்டு. அறியவும் ஒரு செய்தி உண்டு. இந்த ஆவலே மொழியைக் கற்பிக்கின்றது.

பிழை மலிந்த எழுத்து பாடமாகலாமா என்று நீங்கள் ஐயுறலாம். நேரிய ஐயமே. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்து வரும். ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு முன் நிற்கும் 'ஏ', 'ஆன்', 'தி' என்னும் சிறுசொற்களுக்கு ஒத்தவை தமிழில் இல்லை. ஆதலின் இவ்விடங்களில் நம் மாணவர் இடறுவது இயல்பு. எல்லாப் பிழைகளையும் ஒருங்கே சிவப்பு மையால் சுழித்தால் பிள்ளை மறுமுறை எழுத அஞ்சும் என்பதை என் ஆசிரியப் பணியில் பலகாலும் கண்டிருக்கின்றேன். ஆகவே, முதலில் வினைச்சொல்லின் இடத்தை மட்டும் சுட்டி, அவர்களே திருத்தச் செய்யவேண்டும். சிறுசொற்களை அடுத்த கட்டுரையில் பார்த்துக்கொள்ளலாம். எஞ்சிய பிழைகளை ஆசிரியர் படியில் நேராக்கிய பின்னரே கட்டுரை அடுத்த ஊருக்குச் செல்லவேண்டும்.

கைப்பேசி உள்ளவர் அக்கட்டுரையைத் தம் குரலிலேயே பதிந்து அனுப்பலாம், உச்சரிப்பும் திருந்தும். இல்லாதவருக்கு ஓர் அஞ்சலட்டை போதும். கருவியில்லாத வீட்டுப் பிள்ளை கல்வியில் பின்தங்கலாகாது என்பதனாலேயே இதனை வற்புறுத்துகின்றேன்.

உங்களுக்கு நன்கு தெரிந்து, அடுத்த ஊராருக்குத் தெரியாத தொழிலோ விழாவோ பயிரோ ஒன்று உங்கள் ஊரில் இருக்கும். அதைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதத் தொடங்குங்கள்.