ஃபித்ராவின் காவலும் அதன் அளவும்

இன்றைய அரபு மருத்துவ நூல்கள், மனிதன் பிறவியிலேயே உடன்கொண்டு வரும் நோயெதிர்ப்பு ஆற்றலை ‘அல்மனாஆ அல்ஃபித்ரிய்யா’ என்று வழங்குகின்றன. ‘மனஅ’ என்றால் தடுத்தான் என்பது பொருள். ‘ஃபித்ரா’ என்பது படைப்போடு ஒட்டிவந்த இயல்பு. யாரும் கற்பிக்காமலே கடமையாற்றும் காவல் என்பது இத்தொடரின் கருத்தாகும். ஒருமுறை தட்டம்மை கண்டவரைப் பின்னர் அந்நோயிலிருந்து காப்பது வேறொரு ஆற்றல். அது பட்டறிவால் பெறப்படுவது. முதன்முறை வலுப்பெறப் பல நாள்கள் எடுத்துக்கொள்வது. பாக்டீரியா நுழைந்த சில மணி நேரத்திற்குள் எழுந்து நிற்கும் முதற்காவலையே நாம் இங்கு நோக்குகிறோம்.

1882ஆம் ஆண்டு இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், ரஷ்ய அறிஞர் மெச்னிக்காஃப், கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் முள்ளைச் சுற்றி நகரும் உயிரணுக்கள் திரண்டிருக்கக் கண்டார். அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்கும் அணுக்கள் உண்டு என்ற கொள்கை அதிலிருந்து வளர்ந்தது. 1908இல் நோபல் பரிசும் அவரை வந்தடைந்தது. எனினும், அவ்வணுக்கள் பகையை எவ்வாறு இனங்காண்கின்றன என்ற வினா நெடுங்காலம் விடையின்றி நின்றது.

1989இல் அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஜேன்வே ஒரு கருத்தை முன்வைத்தார். மாறுவேடம் பூணுபவன் உடையை மாற்றலாம். எலும்பை மாற்ற இயலாது. பாக்டீரியாவும் அத்தகையதே. தன் வாழ்வுக்கு இன்றியமையாத சில பகுதிகளை அது எளிதில் கைவிட முடியாது. அப்பகுதிகள் மனித உயிரணுக்களில் இல்லை. ஆகவே அவற்றை அறியும் ஏற்பிகள் நம்மிடம் பிறவியிலேயே இருக்க வேண்டும் என்றார் அவர். 1996இல் ஃபிரான்சில் ஹாஃப்மன் குழுவினர், பழ ஈயைப் பூஞ்சையிலிருந்து காப்பதில் ‘டோல்’ என்னும் மரபணுவுக்குள்ள பங்கைக் கண்டறிந்தனர். 1998இல் அமெரிக்காவில் பாய்ட்லர் குழுவினர், சிலவகை பாக்டீரியாக்களின் வெளியுறையிலுள்ள லிப்போபாலிசாக்கரைடை உணரும் ஏற்பி, அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘டோல் 4’ எனக் காட்டினர். இவ்விருவரும் 2011ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். மனிதனிடம் இக்குடும்பத்து ஏற்பிகள் 10 உள்ளன. அவற்றுள் ஐந்தாவது, பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் புரதத்தை அறிகிறது.

ஏற்பி பகையை உணர்ந்ததும் உயிரணுவின் உட்கருவுக்குச் செய்தி செல்கிறது. சைட்டோகைன் எனப்படும் தூதுப்பொருள்கள் சுரக்கின்றன. அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் வெளியேறி வந்து பாக்டீரியாவை விழுங்குகின்றன. புண்ணைச் சுற்றிக் காணும் சிவப்பும் வீக்கமும் வெம்மையும் வலியும் இப்போரின் அடையாளங்கள். காய்ச்சலும் அவ்வாறே.

இங்கே சிந்தனைக்குரிய செய்தி ஒன்றுண்டு. பாய்ட்லர் ஆராய்ந்த எலிகளுக்குப் பிறவியிலேயே டோல் 4 பழுதுபட்டிருந்தது. மற்ற எலிகளைக் கொல்லும் அளவு லிப்போபாலிசாக்கரைடைச் செலுத்தினாலும் அவற்றுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் மற்ற எலிகள் தாங்கிக்கொள்ளும் சிறுதொகை சால்மோனெல்லாவுக்கு அவை பலியாயின. காப்பதும் அதே வாயில். அளவு மீறினால் அழிப்பதும் அதே வாயில். எதிர்வினை நெறிதவறி உடலெங்கும் பரவும்போது இரத்த அழுத்தம் வீழ்கிறது; உறுப்புகள் செயலிழக்கின்றன. மருத்துவர் இதனைச் செப்சிஸ் என்பர். அந்த வாயிலை மருந்தால் அடைத்துவிட்டால் போதும் என்று எண்ணியோரும் உண்டு. டோல் 4ஐத் தடுக்கும் எரிடோரான் என்ற மருந்து, 2013இல் வெளியான பெரியதோர் ஆய்வில், செப்சிஸ் நோயாளிகளின் உயிரிழப்பைக் குறைக்கவில்லை.

இந்த ஏற்பிகளைத் திருமறை வசனங்களுக்குள் தேடிப் பொருத்துவது நமது நோக்கமன்று. இறைமறைக்கு அத்தகைய சான்று தேவையுமில்லை. படைப்பில் ‘மீஸான்’, அதாவது அளவும் சமநிலையும் உண்டு என்று நம்புபவருக்கு இதில் பாடம் இருக்கிறது. இயற்கை எதிர்ப்பாற்றலே போதும், மருத்துவம் வேண்டாம் என்போர் நம்மிடையே உளர். ஃபித்ரா இறைவனின் அருட்கொடை. எனினும் அதுவும் அளவுக்கு உட்பட்டதே. காய்ச்சலுடன் மூச்சிரைப்பும் மனக்குழப்பமும் சேர்ந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, ஒரு மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகலாம். நோயாளியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது தவக்குலுக்கு முரணன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைப்பதே தவக்குல்.