தேன் தடம் – 9: போத்தலுக்குள் ஏறும் வயது

மார்த்தாண்டத்து ரப்பர் மரம் தேனைச் சுரப்பது பூவில் அல்ல, துளிர் இலையின் காம்பு நுனியில் என்று சென்ற வாரம் பார்த்தோம். கோடை முடிவதற்குள் தேனெடுப்பு ஓய்ந்துவிடும். பிறகு அந்தத் தேன் தகரத்திலும் கேனிலும் மாதக்கணக்கில் கிடக்கிறது. இந்த வாரம் அந்தக் காத்திருப்பைப் பற்றி.

தேன் கெடாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். எளிதில் கெடாதுதான். ஆனால் அதற்கு வயதாகும். அந்த வயதை நாள்காட்டியைவிட வெயில்தான் கணக்கிடுகிறது.

தேனீ தன் சுரப்பிகளிலிருந்து தேனில் கலக்கும் நொதிகளில் ஒன்று டயஸ்டேஸ். அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அமெரிக்க வேளாண்துறை விஞ்ஞானி ஜொனாதன் வைட் 1960-களில் அளந்தார். 20 டிகிரி செல்சியஸில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 ஆண்டு. 30 டிகிரியில் சுமார் 200 நாள். 40 டிகிரியில் ஒரே மாதம். 60 டிகிரியில் ஒரு நாள். குன்னூர் வீட்டில் இரண்டு வருடம் இருந்த போத்தலைவிட, சென்னையில் தகரக் கூரைக்கடியில் ஒரு கோடையைக் கண்ட போத்தல் கிழடு.

நொதி குறையக் குறைய இன்னொன்று ஏறுகிறது. தேனின் புளிப்பில் பழச்சர்க்கரை மெல்லச் சிதைந்து எச்.எம்.எஃப். என்ற பொருளாகிறது. புதுத் தேனில் அது இல்லை என்றே சொல்லலாம். சர்வதேச உணவுத் தரம் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது; வெப்ப நாட்டுத் தேனுக்கு 80. நிறம் கறுத்து, பூமணம் போய், காய்ச்சிய வெல்லத்தின் வாடை வந்தால் அந்தத் தேன் வெகுவாகச் சூடுபட்டிருக்கிறது. எச்.எம்.எஃப். மிகுந்த தேன் தேனீக்கே நஞ்சு. பஞ்ச காலத்தில் பெட்டிக்குள் பழைய தேனை ஊட்ட வேண்டாம் என்பது இதனால்தான்.

இந்த மூப்பைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. உறைந்த தேனைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். அடியில் குருணை கட்டினால் சர்க்கரைப்பாகு என்று முடிவுகட்டி விடுகிறோம். ரப்பர் தேன் இயல்பாகவே சீக்கிரம் உறையும். குளுக்கோஸ் படிகமாவதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அதை இளக்குகிறேன் என்று அடுப்பில் ஏற்றுவதுதான் எனக்கு வேதனை. மாதங்கள் செய்யாத சேதத்தை அந்தக் கொதி செய்துவிடும். கை பொறுக்கும் சூட்டு நீரில் போத்தலை நிறுத்தி வையுங்கள், போதும்.

உறைதலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குளுக்கோஸ் படிந்தபின் மேலே நிற்கும் தேனில் தண்ணீர் விகிதம் கூடுகிறது. தேனீ அடையை மெழுகால் மூடுமுன்பே பிழிந்த தேன் என்றால், ஏற்கெனவே அதில் ஈரம் அதிகம். மூடி சரியில்லாவிட்டால் மழைக்காலக் காற்றிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். நீர் 20 சதவீதத்தைத் தாண்டினால் நுண்ணுயிர் விழித்துக்கொண்டு தேனைப் புளிக்கவைக்கும். மலைக் குறவர்கள் தேனை மூங்கிலில் நெடுநாள் முற்றவைத்துக் கள்ளாக்கிக் குடித்ததைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. திறந்தவுடன் புஸ்ஸென்று காற்றும் நுரையும் வந்தால், உங்கள் போத்தலிலும் அதே வேலை தொடங்கிவிட்டது.