பேட்டரி வீல்சேர் பஞ்சரானால் என்ன செய்வது? காற்று முதல் ரிம் வரை கவனிக்க வேண்டியவை!

சைக்கிள் பஞ்சரானால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். பைக் பஞ்சரானால் ஓரமாக நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிக்கலாம். பேட்டரி வீல்சேரில் போகிறவருக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. பெரும்பாலும் அவரால் இறங்கி நிற்க முடியாது. பேட்டரி, மோட்டாரோடு சேர்த்து பல மாடல்களின் எடை 50 கிலோவைத் தாண்டும் என்பதால், வண்டியை ஆட்டோவில் தூக்கி வைப்பதும் லேசான காரியமில்லை.

ஸ்ரீரங்கத்தில் இருப்பவர் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் வர வேண்டும் என்றால், அரை கிலோமீட்டர் நீளமுள்ள காவிரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தின் நடுவில் காற்று இறங்கிவிட்டால் பஞ்சர் கடையும் இல்லை, ஒதுங்க நிழலும் இல்லை. திருச்சி வெயிலில் அந்தக் காத்திருப்பு உடம்புக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் வீல்சேர் டயரை வாரம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் அவசியமாகிறது.

உங்கள் டயர் எந்த வகை?

காற்று அடைத்த டயர், உள்ளே ஃபோம் நிரப்பிய டயர், முழுக்க ரப்பராலான கெட்டி டயர் என மூன்று வகை உண்டு. ஃபோம் டயரும் கெட்டி டயரும் பஞ்சர் ஆகாது. ஆனால், கெட்டி டயரில் சாலையின் ஒவ்வொரு குலுங்கலும் நேராக உடம்புக்கு வரும். தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது வலியையும் தசை இறுக்கத்தையும் கூட்டலாம்.

இந்தக் குலுங்கல் தொல்லைதான் காற்று டயர் புழக்கத்துக்கு வரக் காரணம். கெட்டி ரப்பர் சக்கரத்தால் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்குவதைப் பார்த்த ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், 1887-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் நடைமுறைக்கு ஏற்ற காற்று டயரை உருவாக்கினார். சொகுசு வேண்டும் என்றால் காற்று டயர். ஆனால், அதற்குப் பராமரிப்பு தேவை.

வாரத்துக்கு ஐந்து நிமிடம்

* காலையில், வண்டியை ஓட்டுவதற்கு முன்பு காற்றைப் பாருங்கள். ஓடிய பிறகு டயர் சூடாகி, அளவு கூடுதலாகக் காட்டும்.

* எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே பி.எஸ்.ஐ (PSI) அளவில் அச்சிட்டிருக்கும். 'பார்' அளவில் இருந்தால், 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. அங்கே 'அதிகபட்சம்' என்று இருந்தால் அதைத் தாண்டவே கூடாது.

* இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒன்றில் குறைந்தால் வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். காற்று குறைந்த டயரில் மோட்டார் கூடுதலாக உழைப்பதால் பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

* பெட்ரோல் பங்க் கம்ப்ரஸரில் கவனம் தேவை. சின்ன டியூப் என்பதால் சில விநாடிகளில் அளவு மீறி வெடிக்கலாம். அளவுமானி உள்ள கால் பம்ப் பாதுகாப்பானது.

* டயரில் குத்திய சீமைக்கருவேல முள், கண்ணாடிச் சில்லு, பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கச் சிறு சக்கரங்களில் முடி, பூச்சரத்து நார் சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

* டயரைத் துடைக்க சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ரப்பரைக் கெடுக்கும்.

பஞ்சர் கடையில் இதைச் சொல்லுங்கள்

சைக்கிள், பைக் டயரில் கைதேர்ந்த மெக்கானிக்குக்கும் பேட்டரி வீல்சேர் சக்கரம் புதிதாக இருக்கலாம். பல வீல்சேர்களின் ரிம், இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டு இணைத்ததாக இருக்கும். லீவர் போட்டு டயரை நெம்ப வேண்டியதில்லை. போல்ட்டைக் கழற்றினால் ரிம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஆபத்தும் இங்கேதான். உள்ளே காற்று இருக்கும்போது அந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால், ரிம் பாதி வெடித்துக்கொண்டு வந்து முகத்திலோ கையிலோ அடிக்கலாம். வால்வு பின்னை எடுத்து, காற்றை முழுவதும் இறக்கிய பிறகே ரிம்மில் ஸ்பேனர் வைக்க வேண்டும். 'அண்ணே, முதல்ல காத்தைப் பூரா இறக்கிடுங்க' என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

வேலை தொடங்கும் முன் வீல்சேரில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. உட்கார வேறு நாற்காலியைக் கேட்டு வாங்குங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, சமதளத்தில் கட்டை கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

சில மாடல்களில் சக்கரத்தை உருவும்போது அச்சிலிருந்து சிறு இரும்புத் துண்டு ஒன்று விழும். மெக்கானிக்குகள் அதைக் 'கீ' என்பார்கள். அதை மறந்துவிட்டுச் சக்கரத்தை மாட்டினால் மோட்டார் சுற்றும், சக்கரம் சுற்றாது. சரிவில் பிரேக்கும் பிடிக்காது.

பஞ்சர் ஒட்டியதும் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி, முள் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முள்ளை விட்டுவிட்டால் அடுத்த தெருவிலேயே மறுபடி பஞ்சர்தான். டியூபுக்கு லேசாகக் காற்று கொடுத்த பிறகு ரிம்மை மூடினால், இடுக்கில் சிக்கிக் கிழியாது. போல்ட்டுகளை முழுவதும் இறுக்கிய பின்னரே மிச்சக் காற்றை அடிக்க வேண்டும்.

வழியில் நின்றுவிட்டால்...

காற்று இல்லாத சக்கரத்தோடு ஓட்டினால் டியூபும் டயரும் கிழியும், ரிம்மும் நெளியும். மோட்டாரின் பிடியை விடுவிக்கும் லீவரைத் திருப்பினால் வண்டியைக் கையால் தள்ளலாம். ஆனால், அந்த நிலையில் பிரேக் வேலை செய்யாது. பாலத்து இறக்கத்தில் இதைச் செய்ய வேண்டியிருந்தால், ஒருவர் பின்னால் இறுகப் பிடித்திருக்க வேண்டும்.

இப்போதே செய்யக்கூடியவை

டயரின் பக்கவாட்டில் உள்ள அளவு எண், காற்று அளவு, வால்வு, ரிம் போல்ட் ஆகியவற்றை இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். நீங்கள் போக முடியாத நிலையிலும், வீட்டில் யாராவது அந்தப் படத்தைக் காட்டிச் சரியான டியூபை வாங்கி வர முடியும். உபரி டியூப் ஒன்று, போல்ட்டுக்கான ஸ்பேனர் அல்லது ஆலன் கீ, சிறிய பம்ப் ஆகிய மூன்றும் வீல்சேர் பையிலேயே இருக்கட்டும்.

தசைச்சிதைவு போன்ற பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு பேட்டரி வீல்சேர் வழங்குகிறது. அப்படிப் பெறும்போது டயர் அளவு என்ன, உபரி டியூப் எங்கே கிடைக்கும், பழுது பார்ப்பது யார் என்ற மூன்று கேள்விகளையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு டயர் என்பது வண்டியின் ஒரு பாகம். வீல்சேரில் போகிறவருக்கு அதுதான் கால்!