வினாத்தாளையும் திருத்துவோம்

தேர்வில் கேள்வி கேட்பவர்கள் தவறே செய்யமாட்டார்கள் என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். விடை பொருந்தவில்லையென்றால் 'நமக்குத்தான் கணக்கு வராது' என்று தலைகுனிகிறோம். வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் சேரிப் பிள்ளைகளுக்கு இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். அவர்கள் அறியவேண்டிய கணக்கு ஒன்று உண்டு.

1982 மே மாதம் அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை ஏறத்தாழ 3 லட்சம் மாணவர்கள் எழுதினர். அதில் ஒரு கேள்வி: சிறிய வட்டத்தின் ஆரம், பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சிறிய வட்டம் பெரியதன் விளிம்பை ஒட்டி உருண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்போது எத்தனை சுற்று சுற்றியிருக்கும்? கொடுத்திருந்த விடைகள் 3/2, 3, 6, 9/2, 9. தேர்வு நடத்தியவர்கள் சரியென வைத்திருந்தது 3.

பெரிய வட்டத்தின் சுற்றளவு மூன்று மடங்கு என்பதால் மூன்று என்றுதான் தோன்றும். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அசையாமல் பிடித்து, மற்றதை அதன் விளிம்பில் வழுக்காமல் உருட்டுங்கள். சுற்றளவு இரண்டுக்கும் சமம். ஆனாலும் உருளும் நாணயம் இரண்டு முறை சுழன்றிருக்கும். நேர்கோட்டில் போனால் ஒரு சுற்றுதான். வட்டத்தைச் சுற்றி வருவதால் இன்னொன்று கூடுகிறது. அதே கணக்கில் தேர்வுக் கேள்விக்கு விடை 4. அந்த ஐந்தில் 4 இல்லை.

விவாதம் அதோடு நிற்கவில்லை. பூமி தன்னைத்தானே சுழல்வது வேறு, சூரியனைச் சுற்றுவது வேறு. கேள்வியிலிருந்த ஆங்கிலச் சொல் வானியலில் சூரியனைச் சுற்றுவதையே குறிக்கும். அப்படிப் படித்தால் விடை 1. அதுவும் பட்டியலில் இல்லை.

தவறை எழுதிக் கேட்டவர்கள் மூன்றே மாணவர்கள். நிறுவனம் ஒப்புக்கொண்டது, அந்தக் கேள்வியை நீக்கி மதிப்பெண்களை மறுபடி கணக்கிட்டது.

தவறைக் கண்டுபிடிக்க வினாத்தாள் கண்ணில் பட வேண்டும். தேர்வுக்குப் பிறகு வினாக்களையும் விடைகளையும் மாணவருக்குக் காட்டவேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 1979-ல் சட்டம் செய்தது. 1981-ல், இதே தேர்வுக்கான முன்தேர்வின் பிரமிடுக் கேள்வி ஒன்றில் ஒரு மாணவரின் விடையே சரி என்று அந்நிறுவனம் ஏற்க வேண்டியதாயிற்று.

நம் கதைக்கு வருவோம். 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வினாவே இறுதியானது என்பது விதி. தமிழில் படித்து, தமிழில் எழுதிய பிள்ளை ஆங்கிலத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமாம்!

விடைக்குறிப்பை எதிர்த்து ஆட்சேபணை தர நீட், ஜேஇஇ தேர்வுகளில் அண்மை ஆண்டுகளாகக் கேள்வி ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் ஒருநாள் கூலியில் இது பாதிக்கும் மேல். சந்தேகம் கேட்கவும் காசு வேண்டுமென்றால் ஏழையின் சந்தேகம் பதிவாகாது. பட்டியலினப் பழங்குடி மாணவர்களுக்கு இக்கட்டணத்தை நீக்க வேண்டும். தமிழில் எழுதியவருக்குத் தமிழ் வினாவே செல்ல வேண்டும். இவை நம் கோரிக்கைகள்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. விடைக்குறிப்பு வெளியானதும் ஊர்ப் படிப்பகத்தில், இரவுப் பாடசாலையில் கூடி உட்காருவோம். ஒவ்வொரு கேள்வியையும் சொல் சொல்லாகப் படிப்போம். ஐயமுள்ள கேள்விக்குக் கட்டணத்தை நாலு பேர் பங்கிட்டுக் கட்டுவோம். 3 லட்சம் பேரில் மூன்று பேர் கேட்டதே போதுமானதாக இருந்தது.