கைகளுக்கும் அந்தச் சொற்கள் வேண்டும்

காதில் விழாத பேச்சு

அத்தையும் பெரியம்மாவும் தாழ்ந்த குரலில் பேசுவது, பஸ்ஸில் தோழிகள் சொல்லிச் சிரிப்பது, டிவி விளம்பரம் என்று வளரும் உடம்பைப் பற்றிப் பாதி விஷயத்தை யாரும் கற்றுத்தராமலே பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள். காது கேளாத பிள்ளைக்கு இந்த வழி கிடையாது. காது கேளாத பிள்ளைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பல வீடுகளில் 'சாப்பிடு', 'தூங்கு' என்ற அளவோடு சைகை நின்றுவிடும். அதனால் முதல் மாதவிலக்கை அடிபட்ட காயமென்று மிரளும் பெண்ணும், தூக்கத்தில் விந்து வெளியேறியதை நோயென்று ஒளிக்கும் பையனும் தனியாகத் தவிக்கிறார்கள்.

வகுப்பில் காட்டும் முறை

உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள் என்று நம்பிவிடக் கூடாது. 'படம்' என்றாலும் 'மடம்' என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. நாப்கினை உள்ளாடையில் ஒட்டிக் காட்டியபடியே விளக்கினால், பிள்ளை கையைப் பார்ப்பாளா, முகத்தைப் பார்ப்பாளா? முதலில் ஒட்டிக் காட்டுங்கள். அவள் பார்த்து முடித்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை மணிக்கொரு முறை மாற்றுவது, எப்படிச் சுற்றி எங்கே போடுவது என்று சைகையில் சொல்லுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். ஒரு மாணவியைத் திருப்பிச் சொல்ல வைத்தால்தான் உண்மை தெரியும். காது கேளாத பெரியவர் ஒருவரே பாடம் எடுத்தால் இன்னும் நல்லது. அவரிடம் பிள்ளைகள் கூச்சமில்லாமல் கேட்பார்கள்.

கொடுமையைச் சொல்ல

2018-இல் சென்னை அயனாவரத்தில் செவித்திறன் குறைபாடுள்ள 11 வயதுச் சிறுமிக்கு மாதக்கணக்கில் நடந்த பாலியல் கொடுமை, அவள் அக்காவிடம் சொன்ன பிறகே வெளியே தெரிந்தது. 2020-இல் 15 பேர் தண்டிக்கப்பட்டார்கள். குழந்தையின் உடற்குறையைப் பயன்படுத்திச் செய்யும் பாலியல் தாக்குதலுக்கு, 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் கூடுதல் தண்டனை உண்டு. வாக்குமூலம் வாங்கும்போது குழந்தையின் சைகை தெரிந்தவரின் உதவியைப் பெறலாம். தெரிந்தும் புகார் செய்யாத ஆசிரியர் மீதும் வழக்குப் பாயும்.

இத்தனையும் குழந்தை சொன்ன பிறகுதான். மார்பு, பிறப்புறுப்பு, 'தொட்டான்', 'மிரட்டினான்', 'வேண்டாம்' ஆகியவற்றுக்குச் சைகையே தெரியாதவள் எதைச் சொல்வாள்? பத்து வயதுக்குள் இவற்றைக் கற்பித்துவிட வேண்டும். பள்ளிச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று எழுதியிருக்கிறது. பேசவும் கேட்கவும் முடியாத பிள்ளை அந்த எண்ணை அழைத்து என்ன செய்யும்? வீடியோ அழைப்பில் சைகையால் பேசக்கூடிய ஒருவரைப் பள்ளியே நியமித்து, அவர் முகத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவைக்க வேண்டும்.

டாக்டர் அறையில்

வெள்ளைப்படுதல், அரிப்பு, ஆணுறை பற்றிய சந்தேகம் எதுவானாலும் அம்மாவே இடையில் நின்று சொன்னால் பிள்ளை பாதியை விழுங்கிவிடுவாள். யார் உடனிருக்கலாம் என்று அவளையே கேளுங்கள். சைகைப் பேச்சு ஜன்னல் வழியாகவும் தெரியும்; திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திய பிறகு பேச ஆரம்பியுங்கள்.