வேலியில் நிற்கும் தவசிக்கீரை

காஷ்மீரில் 'ஹாக்' என்றொரு கீரை உண்டு. முட்டைக்கோஸின் உடன்பிறப்பு, ஆனால் உருண்டை கட்டாது, இலைதான் சாப்பாடு. ஆசைப்பட்டு நாகர்கோவில் வெயிலில் விதைத்துப் பார்த்தேன். முளைத்தது, நன்றாகவும் வளர்ந்தது. நாலைந்து இலை விடுவதற்குள் பச்சைப் புழு வந்து சல்லடையாக்கிவிட்டது. வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு அது. சூடு ஏற ஏற அதன் தலைமுறைகள் வேகமாகப் பெருகும். மருந்தடித்துத் தின்பதற்கு வீட்டுக்கீரை எதற்கு?

அதே தோட்டத்து வேலியில், தென்னை நிழலில், யாரும் தண்ணீர் ஊற்றாமலே நெஞ்சளவு உயரத்தில் நின்றது தவசிக்கீரை. மலையாளத்தில் வேலிச்சீரை, மதுரச்சீரை என்பார்கள். (தவசிமுருங்கை வேறு செடி. பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.)

ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள். இலைகளுக்கு அடியில், கீழாநெல்லியைப் போலவே, சிவந்த பொடிப்பூக்கள் வரிசையாகத் தொங்கும். நெல்லிக் குடும்பம்தான். காய் வெளுப்பாக, மேலே சிவப்புத் தொப்பி போட்டதுபோல் இருக்கும்.

விதைக்காக அலைய வேண்டியதில்லை. முற்றிய தண்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பாதியை மண்ணுக்குள் சாய்த்து ஊன்றினால் போதும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. எந்த மழையோடும் நடலாம். தண்ணீர் மட்டும் வேரில் தேங்கக் கூடாது. 3, 4 மாதத்தில் கொழுந்து ஒடிக்கலாம். ஒடிக்க ஒடிக்கக் கிளைக்கும். விட்டுவிட்டால் ஒல்லியாக ஓங்கிச் சரிந்துவிடும். ஆகவே தயவு பார்க்காதீர்கள், இடுப்பளவில் கவாத்து செய்யுங்கள்.

கீரைகளுக்குள் புரதம் மிகுந்தவற்றில் இதுவும் ஒன்று. பச்சை வேர்க்கடலையின் வாசம் லேசாக அடிக்கும். தேங்காய், சின்ன உள்ளி, வத்தல் மிளகாய் சேர்த்துத் துவரன் வைத்தால் வெந்த பிறகும் பச்சை மாறாது. மலேசியாவில் முட்டை சேர்த்து வதக்குகிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1990களின் நடுவில் தைவானில், உடல் இளைக்கும் என்று நம்பி இந்த இலையைப் பச்சையாக அரைத்துப் பழச்சாற்றில் கலந்து வாரக்கணக்கில் குடித்தார்கள். 200 பேருக்கு மேல் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். நுரையீரலின் சிறுகுழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சேதம் திரும்பச் சரியாகாதது. சிலருக்கு நுரையீரலையே மாற்ற வேண்டியிருந்தது. சிலர் இறந்தும் போனார்கள். இலையிலுள்ள 'பாப்பவரின்' என்ற வேதிப்பொருள் மீது சந்தேகம் விழுந்தது. காரணம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

'மல்டிவிட்டமின் கீரை' என்று நம் ஊரிலும் இதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை நம்பி மிக்ஸியில் போட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை, ஒரு கைப்பிடி, வேகவைத்து மட்டும் சாப்பிடுங்கள்.