விவரணப் படமும் அதிற் காட்டப்படுவோரும்

உள்ளதை உள்ளவாறு காட்டும் திரைப்படத்தை விவரணப் படம் என்றும் ஆவணப் படம் என்றும் வழங்குவர். நடிகரும் ஒப்பனையும் இன்றி, வயலில் உழுவோனையும் கடலில் வலை வீசுவோனையும் அவரவர் இடத்திலேயே காட்டுதலால் அது மெய்ம்மைக்கு மிக அணித்தானது என்பர். ஆயினும், காட்டுபவன் ஒருவன், காட்டப்படுபவன் மற்றொருவன். எதனைக் காட்டுவது, எதனை வெட்டுவது, யார் குரலைச் சேர்ப்பது என்பவற்றை முடிவுசெய்யும் அதிகாரம் நெடுங்காலம் முன்னவனிடமே இருந்தது. அதனைக் காட்டப்படுவோருடன் பங்கிட்டுக்கொண்ட முயற்சிகள் சிலவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டைப் பற்றிய படம் ஒன்றை முதலில் நோக்குவோம். பசில் றைற் என்னும் ஆங்கிலேயர் எடுத்த 'சோங் ஒவ் சிலோன்' 1934 இல் வெளிவந்தது. தேயிலைப் பிரசார சபைக்காக ஆக்கப்பட்ட அப்படம் கலையழகிற் சிறந்தது என்பதை மறுப்பார் இலர். ஆயின், அதன் விளக்கவுரை 1681 இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலினின்று எடுக்கப்பட்டது. அதனைப் படித்தவர் லயனல் வென்ற் என்னும் இலங்கையர். அந்நியர் ஒருவர் நம் நாட்டைப் பற்றி எழுதியதை நம்மவர் ஒருவர் குரலிலே கேட்கின்றோம்! படத்தில் நடமாடும் உழவரோ தொழிலாளரோ தம்மைப்பற்றித் தாமே எடுத்துரைக்கும் இடம் அதில் இல்லை. அக்காலத்து ஒலிப்பதிவுக் கருவிகளின் பருமனும் இதற்கு ஒரு காரணம் என்பதையும் கூறல் வேண்டும்.

1960 ஆம் ஆண்டளவில், தோளிற் சுமக்கத்தக்க கமராவும் அதனோடு இசைந்து இயங்கும் ஒலிப்பதிவுக் கருவியும் வழக்கிற்கு வந்தன. ஏழையின் வீட்டினுள்ளே நுழைந்து அவன் பேச்சைப் பதிவுசெய்தல் எளிதாயிற்று. தீங்கு செய்தலும் எளிதாயிற்று. கனடாவின் தேசியத் திரைப்படச் சபை, மொன்றியல் நகரத்து வறிய குடும்பம் ஒன்றைப்பற்றி எடுத்த படம் 1967 இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. வறுமையை நாட்டிற்கு உணர்த்துவதே அதன் நோக்கம். அந்நோக்கத்திற் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் அக்குடும்பத்தினர்க்கு அப்படம் முன்னதாகக் காட்டப்படவில்லை. ஒளிபரப்பின் பின் அயலார் அவர்களை எள்ளி நகையாடினர். தொலைவிலிருந்து பார்த்தோரின் இரக்கத்திற்கு விலையாக அவ்வீட்டார் தம் தெருவிலேயே மானம் இழந்தனர்.

அதே சபையைச் சேர்ந்த கொலின் லோ என்னும் இயக்குநர் 1967 இல் வேறொரு முறையைக் கையாண்டார். நியூபவுண்லாந்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் போகோ என்றொரு தீவு உண்டு. அங்கு அக்காலத்தில் ஏறக்குறைய 5,000 மக்கள் சிதறிய சிற்றூர்களில் வாழ்ந்தனர். கரையை அடுத்த கடலிற் கொட் மீன் பிடித்தலே அவர்தம் தொழில். பெருங் கப்பல்கள் ஆழ்கடலில் மீனை வாரிச் சென்றமையால் அத்தொழில் குன்றியது. அரசாங்க உதவிப் பணத்தை நம்பி வாழ்வோர் பெருகினர். சிற்றூர் மக்களைப் பெயர்த்து வேறிடங்களிற் குடியேற்றும் திட்டமும் அக்காலத்தில் நடைபெற்றுவந்தது. தங்கள் தீவையும் கைவிட நேருமோ என்று அம்மக்கள் அஞ்சினர். அஞ்சியும் ஒன்றுகூடிப் பேசினாரல்லர். மதப் பிரிவு ஊர்களைப் பிளந்திருந்தது.

மெமோரியல் பல்கலைக்கழகத்தின் புறப்பணிப் பகுதித் தலைவரான டொனால்ட் ஸ்னோடனும், அத்தீவிற் பிறந்த களப்பணியாளரான பிரெட் ஏர்ளும் லோவுக்குத் துணைநின்றனர். அவர்கள் கைக்கொண்ட விதிகள் மிக எளியவை. ஒருவர் இசைந்தாலன்றி அவரைப் படம்பிடித்தல் இல்லை. எடுத்த படத்தை முதலில் அவரே காண்பார். வேண்டாத பகுதியை நீக்குமாறு கேட்பார். அவர் ஒப்பிய பின்னரே ஊரார் காண்பர். தீவுக்கு வெளியே காட்டுவதற்கும் இசைவு வேண்டும். தொகுப்பு முறையிலும் லோ ஒரு மாற்றம் செய்தார். ஒருவர் கூற்றை நடுவே வெட்டி, அதற்கு மாறான மற்றொருவர் கூற்றை அடுத்து ஒட்டினால், முன்னவர் பேதைபோலத் தோன்றுவார். ஆதலின் ஒருவர்க்கு அல்லது ஒரு பொருளுக்கு ஒரு குறும்படம் என்று வகுத்தார். இவ்வாறு இருபதுக்கு மேற்பட்ட குறும்படங்கள் எழுந்தன. ஊர்தோறும் அவற்றைத் திரையிட்டு, பின்னர் மக்களைப் பேசவிட்டனர். ஓரூரார் கவலையே தங்கள் கவலையும் என்பதை மற்றையூரார் திரையிலே கண்டனர். அமைச்சர்களும் அப்படங்களைக் கண்டனர். மீன்பிடி அமைச்சரின் மறுமொழியும் படமாக்கப்பட்டுத் தீவினர்க்குக் காட்டப்பட்டது. கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பெரிய படகுகளைத் தீவிலேயே கட்டினர். இன்றும் அங்கு மக்கள் வாழ்கின்றனர். இவையனைத்தும் படத்தால் விளைந்தன என்று சிலர் எழுதுவர். அது மிகைக் கூற்று என்பதே எம் கருத்து. கூட்டுறவு பற்றிய எண்ணம் முன்னரே அம்மக்களிடம் இருந்தது. படம் ஒருவர் பேச்சை மற்றவர் காதிற் சேர்த்தது.

தம் குறையைத் தாமே வெட்டிவிட இடங்கொடுத்தால் உண்மை எஞ்சுமா என்று வினவுதல் கூடும். வினா தக்கதே. ஆயின், பில்லி கிரேன் என்னும் மீனவர் பிழைப்புத் தேடி ரொறன்ரோ நகருக்குப் புறப்படுமுன், அரசாங்கத்தின் மீன்பிடிக் கொள்கையைக் கடிந்து பேசியதை அத்தொகுதியிலே காண்கின்றோம். சொன்னதை மீட்டுக்கொள்ளலாம் என்று அறிந்தவன் அஞ்சாமற் பேசுகின்றான். கூட்டத்திற்கே வாராதாரும், வந்தும் வாய்திறவாதாரும் எந்த ஊரிலும் உளர். அவர்கள் நிலைக்கு இம்முறையும் முழுமையான மருந்தன்று.

இன்னும் ஒருபடி அப்பாற் சென்று, கமராவையே மக்கள் கையிற் கொடுத்தவர்களும் உளர். 1966 ஆம் ஆண்டுக் கோடையில், சொல் வேர்த், ஜோன் அடையர் என்னும் ஆய்வாளர் இருவர், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பைன் ஸ்பிறிங்ஸ் என்னும் இடத்திலே நவஹோ மக்கள் சிலர்க்குப் படமெடுக்கப் பயிற்சி அளித்தனர். இன்று பயிற்சிப் பட்டறை எனப்படுவதற்கு இதனை ஒரு முன்னோடி எனலாம். தொடங்குமுன் அவ்வூர் முதியவர் ஒருவரிடம் இசைவு கேட்டனர். படமெடுப்பதால் ஆடுகளுக்குத் தீங்கு உண்டாகுமா என்று அவர் வினவினார். இல்லை என்றனர். நன்மை உண்டாகுமா என்றார். அதற்கும் இல்லை என்றே கூறவேண்டியதாயிற்று. அங்ஙனமாயின் எதற்காகப் படம் எடுப்பது என்று கேட்டாராம் அம்முதியவர்.

கருவியை இயக்கும் முறையைக் கற்பித்த அவ்வாய்வாளர், எதனைப் படமாக்குவது என்பதை மாணவர் விருப்பிற்கே விட்டனர். நெசவுபற்றி ஒரு பெண் எடுத்த படத்திலே தறி முன்னிற்கவில்லை. ஆட்டு மயிர் கத்தரித்தல், சாயத்திற்கு வேரும் செடியும் தேடி நெடுந்தூரம் நடத்தல், நூல் நூற்றல் என்பனவே படத்தின் பெரும்பகுதி. வெளியார் சிலர்க்கு அந்நடை அலுப்புத் தந்தது. ஆனால் நெசவு செம்மறியாட்டிலிருந்து தொடங்குகின்றது என்பதை அப்பெண் அறிந்திருந்தாள்.